சேரும்போதும் பிரியும்போதும்

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் வான் சாகசம் முடிந்த சாயங்காலம், மந்தைவெளியிலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். மொட்டை மாடியிலிருந்தே பார்த்திருக்கிறார். "ஏண்டா, நீயும் அங்க இப்படித்தானே கூட்டமாப் பறக்கிறே? இவ்வளவு ஒட்டிக்கிட்டுப் போறாங்களே, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காதா?"

"ஒட்டிக்கிட்டுப் போறப்போ அநேகமா இடிக்காது மாமா. ஒட்ட வர்றப்பவும், விட்டுப் பிரியறப்பவும்தான் இடிக்கும்" என்றேன். சமாளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு அதே வேகத்தில் பைக்கில் போவதில் பெரிய ஆபத்து இல்லை, அதை முந்தப் போகிற நாலு விநாடியில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொன்னதும் "அதுவும் சரிதான்" என்றார். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

டெக்சாஸில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு ஆர்வி-7 விமானம் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின், பாகங்களாக வாங்கி காரேஜில் பூட்டி எழுப்புகிற ரகம். ஆர்வி வைத்திருப்பவர்களில் பலருக்கு கூட்டமாகப் பறப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. எனக்கும் பிடித்தது. முறையாகப் பயிற்சி எடுத்து, விங்மேன் (அணித்தலைவரை ஒட்டிப் பறப்பவர்) அட்டை வாங்கி, சின்ன ஊர்களின் ஏர் ஷோக்களில் நான்கு விமான அணியில் ஒருவனாக மக்கள் முன்னால் கடந்து போயிருக்கிறேன். கரணம் அடிக்கிற வேலை எங்களுக்கு இல்லை. நேராகப் போவது, மெல்லத் திரும்புவது, வைர வடிவம் காட்டுவது, கடைசியில் ஒவ்வொருவராகப் பிரிந்து இறங்குவது, அவ்வளவுதான். இந்திய விமானப்படையின் சூர்ய கிரண் குழு செய்வதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் விபத்து நுழைகிற வாசல்கள் இரண்டு பேருக்கும் ஒன்றேதான்.

முதலில் சட்டம். விமானிகள் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளாமல் சேர்ந்து பறக்கக் கூடாது என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏயின் விதி. கட்டணப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அணியாகப் பறக்கவும் கூடாது. வழியில் தெரிந்த விமானத்தைப் பார்த்துவிட்டு, 'ஹாய்' சொல்லிப் பக்கத்தில் போய் நின்று போட்டோ எடுப்பது விதிமீறல். ஏர் ஷோ வான்வெளியில் அணியாகப் பறக்க, அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றின் அட்டையும் வேண்டும். விங்மேனுக்கு ஓர் அட்டை, அணித்தலைவரான லீடுக்கு வேறு அட்டை. முந்தையதை வைத்துக்கொண்டு பிந்தைய வேலையைச் செய்ய முடியாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள்?" பறக்கும்போது யாரும் அடி அளப்பதில்லை. லீட் விமானத்தின் உடம்பில் இரண்டு இடங்களைக் குறித்துத் தருவார்கள். நம் இருக்கையிலிருந்து பார்க்கும்போது அவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நாம் சரியான கோட்டில் இருக்கிறோம். இன்னொரு ஜோடி, அந்தக் கோட்டில் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்பதைச் சொல்லும். நாம் முன்னே நழுவினால் துளி பவரைக் குறை, பின்னே நழுவினால் துளி கூட்டு. பவரைக் கூட்டிக் குறைக்கிற பிடியான த்ராட்டிலை விட்டுக் கையை எடுக்கவே மாட்டோம். இப்படியே ஆயிரம் துளிகள்.

லீடைவிடச் சற்றுத் தாழ்வாகத்தான் நிற்போம். ஆர்வியில் இறக்கை உட்காரும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. நான் லீடைவிட உயரத்தில் நின்றால் என் இறக்கையே அவரை மறைத்துவிடும். தாழ்வாக நின்றால் அவர் எப்போதும் கண்ணில் இருக்கிறார். அதோடு, ஏதாவது ஏடாகூடமாக ஆனால் கீழேயும் வெளியேயும் எனக்கு வழி திறந்திருக்கிறது. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்: "இப்போது உன் வழி எந்தப் பக்கம்?" நேராகப் பறக்கையில் கேட்பார்கள், திருப்பத்தில் கேட்பார்கள், வைரத்தின் பின்முனையில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போதும் கேட்பார்கள். பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருந்தால் அந்த இடத்தில் நிற்க நமக்கு இன்னும் தகுதி வரவில்லை.

எங்கள் பயிற்சியாளர் அமெரிக்கக் கடற்படையில் பறந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். குரலை உயர்த்தவே மாட்டார். நான் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விமானம் மேலும் கீழுமாக ஆடும்போதெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து "கால் விரலை ஆட்டு" என்பார். முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஷூவுக்குள் விரலை ஆட்டிப் பாருங்கள், கை தானாகத் தளரும். கை தளர்ந்தால் விமானம் அமைதியாகிவிடும். இன்றைக்கும் ஷோ நாளில், கூட்டம் தெரிகிற கணத்தில், விரலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேலைப் பங்கீடு கறாரானது. விங்மேன் லீடை மட்டும் பார்ப்பான். மலை, கோபுரம், மேகம், மற்ற விமானம், சூரியன், கூட்டம் நிற்கிற கோடு, எரிபொருள் எல்லாம் லீடின் பாடு. நல்ல லீட் தன் எஞ்சினை முழுப் பவரில் ஓட்ட மாட்டார். அவர் முழுதாகப் போட்டுவிட்டால் பின்தங்கியவனுக்கு எட்டிப் பிடிக்கக் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. திரும்பும்போது விங்மேனின் கண்ணில் சூரியன் நேராக விழும்படி திருப்பவும் மாட்டார். இந்த இரண்டையும் வைத்தே ஒரு லீடை எடை போட்டுவிடலாம்.

இந்தப் பங்கீட்டுக்கு ஒரு கொடூரமான மறுபக்கம் உண்டு. 1982 ஜனவரி 18 அன்று நெவாடாவின் இந்தியன் ஸ்பிரிங்ஸில் அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் குழு, நான்கு டி-38 விமானங்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு முழு வட்டம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தது. வட்டத்தின் அடியில் லீடால் விமானத்தை மேலே இழுக்க முடியவில்லை. வால் பகுதிக் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டதே காரணம் என்று விசாரணை சொன்னது. மற்ற மூவரின் விமானங்களில் ஒரு கோளாறும் இல்லை. அவர்கள் லீடைப் பார்த்தபடியே தரையில் மோதினார்கள். நால்வரும் இறந்தார்கள்.

"அவர்கள் தரையைப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்பது எளிது. தரையைப் பார்த்தால் பக்கத்து விமானத்தின்மேல் ஏறியிருப்பார்கள். தரைக்குப் பக்கத்தில், பக்கம் பக்கமாக நின்று பறக்கும்போது லீடை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாதபடி அந்த உருவமே அமைந்திருக்கிறது. எனவே லீடின் விமானத்துக்குத்தான் பறப்பதற்கு முன் இரட்டைக் கவனிப்பு. எங்கள் அணியில் லீட் சுற்றிப் பார்த்துச் சோதித்த பிறகு, மூன்றாம் எண்காரர் இன்னொரு முறை சுற்றி வருவார். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, நாங்களாக வைத்துக்கொண்டது.

இனி, சேர்வது. மேலே ஏறியதும் லீட் மெல்லிய சாய்வில் ஒரு வட்டம் போட ஆரம்பிப்பார். பின்னால் ஏறி வருகிறவர்கள் அந்த வட்டத்தின் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டி அவரைப் பிடிக்க வேண்டும். லீடின் வால் சுக்கான், அவருடைய வெளிப்பக்க இறக்கையின் நுனிமேல் பொருந்தினாற்போலத் தெரிந்தால் கோணம் சரி. கோணத்தைப் பிடிப்பது பழகிவிடும். ஏமாற்றுவது வேகம்தான்.

கணக்கைப் பாருங்கள். லீட் 130 நாட் வேகத்தில் போகிறார், நான் 140-ல் வருகிறேன். வித்தியாசம் 10 நாட், அதாவது விநாடிக்கு 5 மீட்டர். 20 நாட் வித்தியாசம் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். ஆர்வி-7இன் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7.6 மீட்டர்தான். ஒரு விநாடி தூங்கினால் ஒரு முழு விமானத்தின் அகலத்தைத் தாண்டிவிடுவேன். இதில் கண்ணும் கூட்டுச் சதி செய்யும். தூரத்தில் இருக்கும்வரை லீட் விமானம் அசையாமல் சின்னப் பொம்மை மாதிரியே நிற்கும், நெருங்குகிறோம் என்றே தோன்றாது. கடைசிச் சில விநாடிகளில் திடீரென்று கண்ணாடி முழுக்க விரியும். அப்போது பவரைக் குறைத்தால் பிந்திவிட்டது என்று பொருள். அதனால்தான் வேகத்தைத் தொலைவிலேயே கழித்துக்கொண்டு, கடைசிப் பகுதியை மனிதன் நடக்கிற வேகத்தில் நகர்ந்து போய்ச் சேரச் சொல்வார்கள்.

வேகம் அதிகம் என்று தெரிந்துவிட்டால்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுவதற்கு வானத்தில் பிரேக் இல்லை. லீடுக்குக் கீழாகவும் பின்னாகவும் கடந்து வட்டத்தின் வெளிப்பக்கம் போய்விட வேண்டும். போகும்போது அவரைக் கண்ணை விட்டு விடவே கூடாது. "டூ, ஓவர்ஷூட்" (இரண்டாம் எண், தாண்டிப் போகிறேன்) என்று ரேடியோவில் ஒரு வார்த்தை. அங்கே நிதானமாகி, மறுபடி உள்ளே வரலாம். இதைத் தோல்வி என்று நினைக்கிறவன்தான் ஆபத்தானவன். முகம் கெடக் கூடாதே என்று சாய்வைக் கூட்டி, வயிற்றுப் பக்கத்தை லீடுக்குக் காட்டியபடி திரும்பி, எப்படியாவது நிலையில் போய் நின்றுவிடப் பார்ப்பான். விமானத்தின் வயிறு லீட் பக்கம் இருக்கிற அந்த நேரம் முழுக்க அவனுக்குக் கண் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே ஓவர்ஷூட்தான். அது ஒழுங்காக வரும்வரை சேர்கிற பாடம் கிடையாது. வேண்டுமென்றே வேகமாக வரச் சொல்லி, வெளியே போகச் சொல்வார்கள்.

பார்வையிலிருந்து லீட் மறைந்துவிட்டால் செய்வது இன்னும் எளிது: தேடாதே, விலகு. எந்தப் பக்கம் வழியோ அந்தப் பக்கம் உடனே திரும்பி, "டூ, பிளைண்ட்" என்று சொல்ல வேண்டும். லீட் தன் உயரத்தையும் திசையையும் சொல்வார், ஆளுக்கு ஓர் உயரம் ஒதுக்குவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டோம் என்று உறுதியான பிறகுதான் மறுபடி சேர்க்கை. இதில் மனித சுபாவம் குறுக்கே நிற்கும். 'இங்கேதானே இருந்தார், இதோ தெரிந்துவிடும்' என்று கழுத்தை நீட்டி ஒரு விநாடி தேடத் தோன்றும். பயிற்சி முழுக்க அந்த ஒரு விநாடியைப் பிடுங்கி எறிவதற்காகத்தான்.

இதுவரை சொன்னது ஓர் அணிக்குள் நடப்பது. ஏர் ஷோ என்றால் இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும்: பார்வையாளர்கள், மற்ற அணிகள்.

பார்வையாளர் விஷயத்தில் உலகம் கற்றுக்கொண்டதெல்லாம் பிணங்களிலிருந்துதான். 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில், இத்தாலிய விமானப்படையின் பிரெச்சே திரிகொலோரி குழு பத்து விமானங்களோடு ஓர் இதயத்தை வரைந்தது. ஒன்பது விமானங்கள் இரண்டாகப் பிரிந்து இதயத்தின் இரு பக்கங்களை வரைய வேண்டும். அவை அடியில் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், பத்தாவது விமானம் கூட்டத்தை நோக்கி வந்து இதயத்தைத் துளைத்துப் போக வேண்டும். அந்த ஒற்றை விமானம் சரியான இடத்தில், சரியான நேரத்தில் வரவில்லை. இரண்டு விமானங்களோடு மோதி, தீப்பிழம்பாக மக்கள் மேல் விழுந்தது. மூன்று விமானிகளோடு சேர்த்து 70 பேர் இறந்தார்கள். கவனியுங்கள், ஒட்டிப் பறந்தபோது அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிந்து, மறுபடி ஒரே புள்ளிக்கு வந்தபோது ஆனது. அது நடந்த திசையும் கூட்டத்தை நோக்கிய திசை.

அமெரிக்க ஷோக்களில் கூட்டத்தின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் இருக்கின்றன. வேகமான ஜெட்டுகளுக்கு 1,500 அடி, நடுத்தர வேகத்துக்கு 1,000 அடி, எங்களைப் போல 156 நாட்டுக்கு உட்பட்டவர்களுக்கு 500 அடி. சாகசம் செய்யும்போது விமானத்தின் ஓட்டம் கூட்டத்தை நோக்கித் திரும்பக் கூடாது என்பது அடிப்படை. துண்டாகி விழுந்தாலும் துண்டுகள் போகிற திசையில் மக்கள் இருக்கக் கூடாது. 1951-ல் கொலராடோவின் ஃபிளாக்லரில் விமானம் கூட்டத்தில் விழுந்து 20 பேர் இறந்ததற்குப் பின்னால் அங்கே இறுகத் தொடங்கிய விதிகள் இவை. ஃபோட்டோவுக்கு நல்ல கோணம் வேண்டும் என்று 500 அடிக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தக் கேட்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பதில் சொல்வதுகூட நேர விரயம்.

மற்ற அணிகள் விஷயத்துக்கு எங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. 2022 நவம்பர் 12, டாலஸ். இரண்டாம் உலகப் போர்க் கால விமானங்களின் ஷோ. ஒரு பக்கம் குண்டுவீச்சு விமானங்களின் வரிசை, அதில் ஐந்து பேரோடு ஒரு பி-17. இன்னொரு பக்கம் மூன்று சண்டை விமானங்கள், அவற்றில் கடைசியாக ஒரு பி-63. ஷோ நடக்கும்போது வான்வெளியை இயக்குகிறவரை ஏர் பாஸ் என்போம். சண்டை விமானங்களைக் குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்பாகக் கடந்து, 500 அடிக் கோட்டுக்கு வரச் சொன்னார் அவர். மற்றவை 1,000 அடிக் கோட்டில். திரும்பி இறங்கிக்கொண்டிருந்த பி-63, பி-17-ஐ வெட்டிக்கொண்டு போனது. ஆறு பேரும் இறந்தார்கள்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நான் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். விமானிகள் இருவரும் நிறைய அனுபவம் உள்ளவர்கள். விமானங்களில் கோளாறு இல்லை. வானம் தெளிவு. கோளாறு திட்டத்தில் இருந்தது: இந்த அணிக்கு இந்த உயரம், அந்த அணிக்கு அந்த உயரம் என்று பறப்பதற்கு முன்பும் பேசவில்லை, பறக்கும்போதும் சொல்லவில்லை. ஏர் பாஸ் அப்போதைக்கப்போது சொல்லும் கட்டளைகளையும், 'பார்த்து விலகிக்கொள்' என்ற பழைய பழக்கத்தையும் நம்பி எல்லாம் நடந்தது. திரும்புகிற விமானத்தின் மூக்கும் உடலும் மறைக்கிற இடத்தில் இன்னொரு விமானம் இருந்தால், எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அது தெரியாது. போதாததற்கு பி-63 விமானியின் கவனம் தனக்கு முன்னால் போகிறவரைத் தொடர்வதில் இருந்திருக்கும். அது அவர் வேலை.

என் அபிப்பிராயத்தில், கடந்த இருபது ஆண்டுகளில் ஏர் ஷோ உலகத்துக்கு வந்த மிக முக்கியமான பாடம் அந்த அறிக்கைதான். கண் என்பது கடைசிப் பாதுகாப்பு. அதை முதல் பாதுகாப்பாக வைத்துத் திட்டம் போடக் கூடாது. இப்போது நாங்கள் ஒரு ஷோவுக்குப் போனால் லீட் கேட்கும் முதல் கேள்வி எத்தனை முறை கடக்கலாம் என்பதல்ல. எங்களோடு அதே நேரத்தில் வேறு யாராவது வானத்தில் இருப்பார்களா, இருந்தால் எந்த உயரத்தில், எந்தக் கோட்டில், யார் யாருக்கு வழிவிட வேண்டும், ரேடியோ செத்துப்போனால் யார் எங்கே போவது? தாளில் எழுதப்பட்ட பதில் வேண்டும். 'அதெல்லாம் மேலே போனதும் பார்த்துக்கலாம்' என்றால் நாங்கள் வேடிக்கை பார்க்கிற பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். ஒரு முறை அப்படி உட்கார்ந்தும் இருக்கிறோம். அமைப்பாளர்களுக்குக் கோபம், அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. வெயிலில் ஹாட் டாக் சாப்பிட்டது நினைவிருக்கிறது.

ஷோ நாள் காலையில் எல்லாரும் கலந்துகொள்ள வேண்டிய பிரீஃபிங், அதாவது திட்டத்தை விளக்கும் கூட்டம், நடக்கும். அதில் இல்லாதவர் பறக்க முடியாது. அது முடிந்ததும் அணிக்குள் தனி பிரீஃபிங். பிறகு எனக்கு மிகவும் பிடித்த பகுதி: நடை. தார்த்தரையில் நால்வரும் விமான நிலைகளில் நின்றுகொண்டு, லீட் ரேடியோவில் சொல்லப்போவதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல, நிகழ்ச்சி முழுவதையும் நடந்தே பார்ப்போம். திருப்பத்துக்குச் சாய்வோம், வைரத்துக்கு நான்காம் எண்காரர் குறுக்கே நகர்ந்து பின்னால் வருவார், பிரிகிற இடத்தில் கைகளை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராக விலகிப் போவோம். பார்க்கிற குழந்தைகள் சிரிப்பார்கள். நரைத்த தலைகள் நான்கு பேர் கையை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு நடந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்த நடையில்தான் 'நீ பிரியும்போது நான் இன்னும் அங்கே இருப்பேனே' என்பது வெளியே வரும். காகிதத்தில் தெரியாதது காலுக்குத் தெரிகிறது.

பிரீஃபிங்கில் தவறாமல் சொல்லப்படுவது 'நாக் இட் ஆஃப்'. அணியில் யார் வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் அதைச் சொல்லலாம். சொன்னதும் எல்லாரும் செய்துகொண்டிருப்பதை நிறுத்தி, தத்தம் வழியில் விலக வேண்டும். ஒரு சனிக்கிழமை ஷோவில் மூன்றாம் எண்காரர் அதைச் சொன்னார். வைரம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்திருக்கிறார். மற்ற மூவர் கண்ணிலும் அவை படவில்லை. விலகினோம், சுற்றி வந்தோம், ஒரு கடப்பு குறைந்தது. இறங்கியபின் நடந்த டீபிரீஃபில் லீட் கேட்டது "எதைப் பார்த்தாய்?" என்று மட்டும்தான். "ஏன் சொன்னாய்?" என்று கேட்கக் கூடாது என்பது எழுதாத விதி. அப்படி ஒரு முறை கேட்டுவிட்டால் அடுத்த முறை அவர் ஒரு விநாடி யோசிப்பார். டீபிரீஃபில் பதவி கிடையாது, வயது கிடையாது. லீட் தன் குறைகளைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார், அப்புறம் எண் வரிசைப்படி. நம்மூரில் பழகியவனுக்கு, பெரியவர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே "நீங்கள் திருப்பத்தில் சாய்வைச் சட்டென்று கூட்டினீர்கள்" என்று சொல்வது எளிதில் வரவில்லை. பழகிக்கொண்டேன்.

எரிபொருள் பற்றி ஒன்று. விங்மேன் ஓயாமல் த்ராட்டிலைக் கூட்டிக் குறைப்பதால் லீடைவிட அதிகம் குடிப்பான். அதனால் அணி எப்போது திரும்ப வேண்டும் என்பதை, அணியிலேயே குறைவாக வைத்திருப்பவரின் டேங்க்தான் தீர்மானிக்கும். டெக்சாஸின் ஆகஸ்ட் வெயிலில், 38 டிகிரியில், இதோடு ஏறும் திறனும் குறைந்துவிடும். கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

பிரிவதிலும் ஒழுங்கு உண்டு. ஓடுதளத்துக்கு மேலே வந்ததும் லீட் திரும்பிப் போவார், குறித்த விநாடி இடைவெளிக்குப் பிறகு இரண்டாமவர், பிறகு மூன்றாமவர். இறங்கும்போது ஓடுதளத்தின் ஒரு பாதி 'சூடான' பக்கம், மறு பாதி 'ஆறிய' பக்கம். முன்னால் இறங்கியவர் வேகம் குறைந்ததும் ஆறிய பக்கத்துக்கு நகர்ந்துவிட வேண்டும், பின்னால் வருபவருக்கு பிரேக் பிடிக்காமல் போனாலும் சூடான பக்கத்தில் அவருக்கு இடம் இருக்கும். ஷோ முடிந்த நிம்மதியில், கூட்டம் கையசைக்கும்போது, பதிலுக்குக் கையசைத்துக்கொண்டு நடுவிலேயே உருண்டு போகிறவர்கள் உண்டு.

இந்தியாவில் இந்த வேலை விமானப்படை செய்வது, முன்பு கடற்படையும் செய்தது. 1996-ல் பீதரில் தொடங்கிய சூர்ய கிரண் முதலில் கிரண் விமானங்களில் பறந்தது, 2011-ல் நிறுத்தப்பட்டு, பிறகு ஹாக் விமானங்களோடு திரும்பியது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் சூலூரில் துருவ் ஹெலிகாப்டர்களின் சாரங் குழு பழகுவதைப் பார்த்திருக்கலாம். இந்தக் குழுக்கள் விலை கொடுத்தும் இருக்கின்றன. 2010 மார்ச் 3 அன்று ஹைதராபாத்தின் பேகம்பேட் கண்காட்சியில் கடற்படையின் சாகர் பவன் குழு விமானம் ஒன்று குடியிருப்பின்மேல் விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். 2019 பிப்ரவரி 19 அன்று, பெங்களூரு விமானக் கண்காட்சியான ஏரோ இந்தியா தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒத்திகையில், எலஹங்காவுக்கு அருகே சூர்ய கிரணின் இரண்டு ஹாக்குகள் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார், மற்ற இருவர் குதித்துத் தப்பினார்கள். 2025 மார்ச்சில் பிரான்ஸின் பத்ரூய் த பிரான்ஸ் குழுவின் இரண்டு விமானங்கள் பயிற்சியில் மோதியபோதும் உள்ளே இருந்தவர்கள் குதித்துப் பிழைத்தார்கள். என் ஆர்வியில் வெளியே தூக்கி எறியும் இருக்கை கிடையாது. முதுகில் பாராசூட் கட்டியிருந்தாலும், மோதிய விமானத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வர எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

ஏரோ இந்தியாவின்போது எலஹங்காவைச் சுற்றி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வதைச் சிலர் அரசியலாகப் பேசுகிறார்கள். 2025-ல் 13 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குத் தடை. காரணம் பருந்து. கழிவு கிடக்கிற இடத்தில் பருந்து சுற்றும், அணியாகப் போகும் விமானங்களில் ஒன்றின்மேல் அது அடித்தால் அவர் விலகுகிற திசையில் இன்னொருவர் இருப்பார்.

மெரினாவுக்கு வருகிறேன். அன்று வானத்தில் ஒரு கீறல் விழவில்லை. தரையில் ஐந்து பேர் இறந்தார்கள். அக்டோபர் மாதத்து நண்பகல் வெயில், லட்சக்கணக்கான கூட்டம், முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சில தெருக்கள் வழியாக வெளியேற முயன்றது. விமானங்களுக்கு ஒவ்வொன்றும் எப்போது வந்து எப்போது விலகும் என்று விநாடிக் கணக்கு இருந்தது. மாமா சொன்னார், அவர் தெருவில் மாலைவரை ஜனம் நகரவே முடியவில்லையாம். "தண்ணி கேட்டு வாசல்ல வந்து நின்னாங்கடா. வீட்டுல இருந்த கேனெல்லாம் காலி."

அடுத்து எந்த ஊரில் இப்படி நடந்தாலும், போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உட்காருவதற்கு முன்பே எந்தத் தெரு வழியாக வெளியே போவீர்கள் என்று நடந்து பார்த்துவிடுங்கள். இரண்டாவது தெருவும் ஒன்று இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் குடையும் கையோடு போகட்டும், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்குத் தூரத்து மொட்டை மாடிதான் சிறந்த இடம், அணிகளின் உருவம் தூரத்திலிருந்துதான் முழுதாகத் தெரியும். தடுப்புக் கயிற்றைத் தாண்டி மணலில் முன்னே போகாதீர்கள், அந்த வெற்றிடம் விமானத்துக்காக விடப்பட்டது. ட்ரோனை வீட்டில் வையுங்கள். கடைசி நிகழ்ச்சிக்கு முன்பே கிளம்புங்கள், இல்லையென்றால் முடிந்த பிறகு நிழல் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். குழந்தைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள், அந்தக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் எங்கே சந்திப்பது என்பதையும் காலையிலேயே பேசிவிடுங்கள்.